ஆறுதலாச் சொல்லுறன்

— பூத்தம் பார். இதையோ டொக்டர் 'குடிக்க' எண்ட பக்கத்திலை போட்டிருக்கிறியள்?

— ஆமா. பூத்தம் பார், மிக்கிள்கேட் பார், வால்ம்கேட் பார். யார்க் மேப்ல பெரிசு பெரிசா போட்டிருந்தது. பழைய எடம்னா பியர் நன்னா இருக்கும்னு நானா ஒரு ஊகம் பண்ணிண்டேன். நான் என்ன குடிக்கறவனா?

— கடவுளே! அது மூண்டும் கோட்டை வாசல் டொக்டர். கல்லாலை கட்டின வாசல். யோர்க்கிலை 'பார்' எண்டா வாசல், 'கேட்' எண்டா தெரு. உங்கட மாநாட்டுக்கு வாற கிட்னி டொக்டர்மார் எல்லாரும் கோட்டைச் சுவருக்கு முன்னாலை வரிசையா நிண்டு அரைப் பைன்ற் பியர் கேக்கப் போகினம்.

— பெருமாளே! பார்னா வாசல், கேட்னா தெரு. அப்ப பாருக்கு அங்க என்ன பேரு?

— பப். ஹரோவிலை இவ்வளவு காலம் இருந்து அதுவும் தெரியாதோ?

— சிரிக்காதீங்க கிளாரிட்டா. போய் எறங்கின உடனே இத எல்லாருக்கும் அனுப்பணும். வெளியூர்க்காரா பார்க்க, சாப்பிட, குடிக்கன்னு மூணு பக்கம் எழுதுங்கோன்னு கமிட்டில என் தலைல கட்டிட்டா. லண்டன்ல இருக்கறவனுக்கு வடக்க பத்தி என்ன தெரியும்?

— கிளறிற்றா.

— அதத்தானே சொன்னேன், கிளாரிட்டா.

— எத்தினை தரம் சொல்லித் தந்தாலும் உங்களுக்கு அந்த 'ற்றா' வராது. சரி விடுங்கோ. ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. கிங்ஸ் குறொஸிலை இந்த நேரம் ஒரு வாங்கு கிடைச்சதே பெரிய காரியம்.

— என்ன வாங்கணும்? நான் வேணா போய் வாங்கிண்டு வரேனே.

— வாங்கு! இப்ப நீங்கள் குந்தியிருக்கிறியளே, பெஞ்ச், அது.

— ஓ. வாங்குன்னா பெஞ்சா. பேஷ். இன்னிக்கு ஒண்ணு கத்துண்டேன்.

— மிச்சத்தையும் வாசியுங்கோ. திருத்துவம்.

— வாசிக்கறேன். ஆனா இதுக்காக நீங்க ரெய்னர்ஸ் லேன்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். வழியனுப்பறதுக்கு நான் என்ன காசிக்கா போறேன்?

— வழியனுப்ப வந்தனான் எண்டு ஆர் சொன்னது?

— பின்ன? சாப்பாடு கொண்டு வந்திருப்பீங்க. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துல அத்தன வாத்தியாருக்கும் கொண்டு வர்ற மாதிரி. சக்கரம் வச்ச பெட்டி வேற நிக்கறது. கான்ஃபரன்ஸ் மொத்தத்துக்கும் சமைச்சுட்டீங்களா?

— சாப்பாடு இந்தச் சின்னப் பையிலை. இடியப்பமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். கருவாடு இல்லை, மாசி மீன்தூள் இல்லை, பயப்பிடாதேங்கோ.

— அப்ப அந்தப் பெட்டி?

— அது எமில்டா வீட்டை போகவேணும்.

— எமில்டா?

— யோர்க்கிலை என்ர சிநேகிதி. நாங்கள் அங்கை இருந்த நாளையிலை பக்கத்து வீடு.

— ஓ. புரிஞ்சுது. அதுக்குத்தான் வந்தீங்களா? போஸ்ட்ல அனுப்பறதுக்கு நான் தேவலைன்னு. சரி, குடுத்துடறேன். அட்ரஸ் எழுதிக் குடுங்க.

— ஏன் அந்தக் குரல்?

— குரலா? என் குரலுக்கு என்ன? 'பார்க்க' பக்கத்துக்கு வரேன். "யார்க் மின்ஸ்டர். மிகப் பெரிய தேவாலயம். அவசியம் காணவும்."

— அவ்வளவுதானோ? காலமை வெள்ளணப் போகச் சொல்லுங்கோ, சனம் குறைவு. போட்டோ எடுத்துக்கொண்டு ஓடித்திரியாமல், அந்தப் பெரிய கண்ணாடி யன்னலுக்கு நேரை ஒரு கதிரையிலை இருந்தாக் காணும்.

— காணும்னா போதும். அது எனக்குத் தெரியும்.

— ஓம் ஓம். பிறகு கோட்டைச் சுவருக்கு மேலை நடக்கலாம். இப்ப போனா சரிவு முழுக்க மஞ்சளாப் பூத்திருக்கும். டஃபடில். ஒரு பக்கம் மின்ஸ்டர், மற்றப் பக்கம் சனங்களின்ர வீட்டுக் கொல்லை. ஆரின்ரையோ உடுப்புக் காயுது, ஆரின்ரையோ பூனை படுத்திருக்கு, எல்லாம் தெரியும். எனக்கு அந்தப் பக்கம்தான் விருப்பம்.

— இப்படித்தான் எழுதணும். நான் எழுதினா பிரிஸ்கிரிப்ஷன் மாதிரி இருக்கு.

— உங்கட பிரிஸ்கிரிப்ஷனை வாசிக்கிற ஆள் இந்த ஹரோ முழுக்க நான் ஒருத்திதான். மற்ற பார்மசிக்காரர் எல்லாம் எனக்கு போன் எடுத்துக் கேக்கினம், தெரியுமோ? சரி, 'சாப்பிட'.

— "சைவ உணவுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். எங்கும் கிடைக்கும் சுடச்சுட சிப்ஸ்..."

— வெட்டுங்கோ.

— ஏன்?

— அந்தப் பக்கம் கன கடையளிலை சிப்ஸ் பொரிக்கிறது மாட்டுக் கொழுப்பிலை.

— என்ன சொல்றீங்க?

— கேட்டுப்போட்டுச் சாப்பிடச் சொல்லி எழுதுங்கோ. எண்ணெயிலை பொரிக்கிற கடையும் இருக்கு.

— கிளாரிட்டா. நான் போன வருஷம் லீட்ஸ் போயிருந்தேன்.

— தெரியும். வந்து, "என்ன ருசி, என்ன ருசி, லண்டன்ல இந்த மொறுமொறுப்பு வரவே வராது" எண்டு வகுப்பிலை பிள்ளையளுக்கு முன்னாலை சொன்னனீங்கள்.

— அப்பவே சொல்லக் கூடாதா?

— சாப்பிட்டு முடிஞ்சுதே. பிறகு சொல்லி உங்கட நித்திரையைக் கெடுக்கவோ? அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.

— பெருமாளே, பெருமாளே. என் ஆத்துக்காரி ரமா உயிரோட இருந்திருந்தா என்ன கங்கைக்கே கூட்டிண்டு போயிருப்பா.

— அவ சிரிச்சிருப்பா. நீங்கள் சொல்லுற ரமா சிரிக்கிற ஆள்தானே.

— ஆமா. சிரிச்சிருப்பா.

— அடுத்தது வாசியுங்கோ. ஸ்டேக் அண்ட் கிட்னி பை போட்டனீங்களோ?

— எடுத்துட்டேன். பகல் பூரா கிட்னிய எப்படிக் காப்பாத்தறதுன்னு பேசிட்டு, ராத்திரி அதையே தின்னா நன்னாவா இருக்கும்? இனிப்புல யார்க்‌ஷயர் புட்டிங் போட்டிருக்கேன்.

— அது இனிப்பில்லை டொக்டர். மாவைக் கரைச்சு வார்த்தா கிண்ணம் மாதிரி உப்பி வரும். அதுக்குள்ளை இறைச்சிக் குழம்பு விட்டுச் சாப்பிடுறது.

— புட்டிங்னு பேர வச்சுண்டா? இந்த ஊர்க்காரா ஒரு வார்த்தையயாவது அதோட அர்த்தத்துல விட்டு வச்சிருக்காளா?

— இனிப்புக்குப் பழக் கேக் எழுதுங்கோ. அதோடை சீஸ். வென்ஸ்லிடேல் சீஸ். ஒரு கடி கேக், ஒரு கடி சீஸ். முதல் நாள் என்ர மனிசன் யூஜின் "இதென்ன விசர் வேலை" எண்டவர். அதுக்கு அடுத்த வருசத்திலை இருந்து அது இல்லாமல் அவருக்கு நத்தார் இல்லை, கிறிஸ்மஸே இல்லை.

— அவருக்கு அந்த ஊர் பிடிச்சிருந்ததா?

— பிடிச்சிருந்ததோ? லண்டனுக்கு வருவம், ஹரோவிலை எங்கட ஆக்கள் இருக்கினம், கோயில்லை தமிழ்ப் பூசை இருக்கு எண்டு நான் தலைகீழா நிண்டனான். அசையேல்லை. அந்த ஆறு, அந்தச் சுவர், சொக்லேட் வாசம் வாற அந்தத் தெரு. கடைசியிலை அங்கையே இருந்திட்டார். அங்கைதானே அடக்கம் செய்தது.

— தெரியும்.

— அதுக்குப் பிறகுதான் லண்டனுக்கு வந்தம், நான் திரும்பிப் போகேல்லை. மகள் ஜெஸ்ரின் போய்ப் பூ வைச்சிட்டு வருவாள். என்னாலை ஏலாமல் இருந்தது.

— அது தெரிஞ்சுண்டே, யார்க்குக்கு வர்றீங்களான்னு உங்களப் போய்க் கேட்டேன் பாருங்க. புத்தி கெட்டவன்.

— நீங்கள் கேட்டது அது மட்டுமில்லையே.

— விடுங்க.

— "யார்க்குக்கு என்கூட வாங்க. முடிஞ்சா அதுக்கப்புறமும் என்கூடவே இருங்க." பள்ளிக்கூட வாசலிலை, பிள்ளையள் ஒரு பக்கம் கத்த, தாய்மார் ஒரு பக்கம் கைப்பைக்குள்ளை கார்த் திறப்பைத் தேட, ழகர ளகர அட்டையளைக் கையிலை வைச்சுக்கொண்டு கேட்டனீங்கள்.

— ஞாபகப்படுத்தாதீங்க. அறுபது வயசுல அப்படி ஒரு பேச்சு. அதான் நீங்க பதில் சொல்லிட்டீங்களே, அப்பறம் என்ன?

— நானோ? நான் எங்கை பதில் சொன்னனான்?

— சொன்னீங்க. ரொம்ப நாகரிகமா, மனசு நோகாம சொன்னீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அடுத்தது 'டீ'.

— டொக்டர், கொஞ்சம் பொறுங்கோ. என்ன பதில் எண்டு...

— இது நானே அனுபவப்பட்டு எழுதினது, கேளுங்க. "வடக்கே யாராவது உங்களை டீக்கு அழைத்தால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். அங்கே டீ என்றால் இரவுச் சாப்பாடு."

— இது சரியா எழுதியிருக்கிறியள். இதை எங்கை படிச்சனீங்கள்?

— பட்டுத்தான். கல்யாணம் ஆகி வந்த புதுசு. கொஞ்ச நாள் பிராட்ஃபோர்டுல வேலை பார்த்தப்போ, ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருத்தி ரெண்டு பேரையும் டீக்குக் கூப்பிட்டா. டீதானேன்னு ஆத்துல சாம்பார் சாதம் மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டுப் போனோம். போனா மேஜை நெறைய. எங்களுக்காகவே மாமிசம் இல்லாம பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கா. ரமா மேஜைக்குக் கீழ என்னக் கிள்ளிண்டே எல்லாத்தையும் சாப்பிட்டா. திரும்பி வர வழில, "ஏன்னா, ஒரே தேசம்தானே, ஒரே வார்த்தைதானே, ஒரு ரயில் ஏறினா அர்த்தம் மாறிடுமா?"ன்னா.

— பாவம். வயிறு வெடிச்சிருக்கும்.

— சந்தோஷமா வெடிச்சுது.

— இந்தாங்கோ, தேத்தண்ணி. பிளாஸ்கிலை கொண்டந்தனான். இது இராச்சாப்பாடு இல்லை, வெறும் தேத்தண்ணி. சரியான சூடு, ஆறுதலாக் குடியுங்கோ.

— எப்படிக் குடிக்கணும்?

— ஆறுதலா.

— டீய எப்படி ஆறுதலா குடிக்கறது? துக்கம் விசாரிக்கப் போன வீட்ல குடுக்கறாளே, அந்த மாதிரியா?

— என்ன கதை இது? ஆறுதலா எண்டா ஆறுதலாத்தான். மெள்ள மெள்ள. ஊதி ஊதி. அவசரப்படாமல்.

— அவசரப்படாம.

— ஓம்.

— நிதானமா.

— ஓம் டொக்டர். ஏன் முகம் ஒரு மாதிரிப் போகுது? நாக்குச் சுட்டுப்போட்டுதோ?

— நீங்க அன்னிக்கு ராத்திரி எனக்கு வாட்சப்ல அனுப்பினீங்களே. "உங்கட மனம் விளங்குது டொக்டர். ஆறுதலாச் சொல்லுறன்."

— ஓம், அனுப்பினனான். யோசிக்க நேரம் வேணும்தானே. ஜெஸ்ரினுக்கு முகத்தைப் பாத்துச் சொல்லவேணும், போனிலை சொல்லுற விசயமே இது? அதுதான் ஆறுதலாச் சொல்லுறன் எண்டு எழுதினனான். நீங்கள் பிறகு போனும் இல்லை, கீனும் இல்லை. சனிக்கிழமை வகுப்பு முடிய முதல் ஆளாய் ஓடிப்போனியள். நான் நினைச்சன், மனிசன் கேட்டதுக்குக் கவலைப்படுறார் எண்டு.

— கிளாரிட்டா, எங்க ஊர்ல ஆறுதல்னா என்ன தெரியுமா? பரீட்சைல ஃபெயிலானவன் தோள்ல தட்டிச் சொல்றோமே, அது. வேலை கிடைக்காதவனுக்குச் சொல்றோமே, அது. ஓட்டப் பந்தயத்துல ஒண்ணும் ஜெயிக்காதவனுக்கு ஒரு சோப்பு டப்பாவக் குடுத்து, ஆறுதல் பரிசும்பா.

— மெய்யே?

— சத்தியமா. நீங்க எனக்கு சோப்பு டப்பா குடுத்துட்டீங்கன்னு நினைச்சுண்டேன்.

— யேசுவே!

— உங்க மனசு புரியறது, ஆறுதல் சொல்றேன். அப்படித்தான் படிச்சேன். ஒரு தடவை இல்ல. கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுண்டு படிச்சேன்.

— செத்தவீட்டிலை சொல்லுற ஆறுதல் எங்களிட்டையும் இருக்கு டொக்டர். ஆனா 'ஆறுதலாச் செய்', 'ஆறுதலா வா' எண்டா மெள்ள எண்டுதான். எத்தினை வருசம் எங்களோடை பழகுறியள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

— எப்படிக் கேப்பேன்? தெரியாத வார்த்தைன்னா கேட்டிருப்பேன். 'கெதியா'ன்னா சீக்கிரமான்னு கேட்டேன். 'விசர்'னா கிறுக்கான்னு கேட்டேன். இன்னிக்கு 'வாங்கு' கேட்டேன். இது என் வார்த்தையாச்சே, சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச வார்த்தை. தெரிஞ்ச வார்த்தைக்குப் போய் யாராவது அர்த்தம் கேப்பாளா?

— டீ மாதிரி.

— டீ மாதிரியேதான். ரமா சொன்னது சரி. ஒரு ரயில் ஏறினா போதும்.

— அழுறியளோ?

— இல்ல. டீ ஆவி. கண்ணாடில படிஞ்சுடுத்து.

— இந்தாங்கோ, லேஞ்சி. துடையுங்கோ.

— லேஞ்சின்னா கைக்குட்டை. பார்த்தா தெரியறது, கேக்க வேண்டாம். கிளாரிட்டா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க எடத்தக் குடுத்துட்டேன்.

— எந்த இடம்?

— டாக்டர்கள்லாம் கூட்டத்துல இருக்கறச்சே, கூட வர்றவாளப் பஸ்ல கடற்கரைக்குக் கூட்டிண்டு போறா. விட்பின்னு ஒரு ஊர். மீன் பிரமாதமா இருக்குமாம், உங்களுக்குப் பிடிக்குமேன்னு உங்க பேரப் போட்டு வச்சிருந்தேன். ஹோட்டல்ல உங்களுக்குத் தனியா ஒரு ரூமும் சொல்லியிருந்தேன். அந்த வாட்சப் பார்த்த மறுநாளே பஸ் சீட்ட சென்னைலேர்ந்து வர டாக்டரோட தங்கை சுப்ரியாவுக்குக் குடுத்துட்டேன். ரூமும் வேண்டாம்னுட்டேன்.

— எனக்குத் தனி அறையோ?

— பின்ன? உங்க கோயில் ஃபாதர் என்னப் பத்தி என்ன நினைப்பார்?

— எங்கட ஃபாதரை விடுங்கோ. ஜெஸ்ரின் என்ன சொன்னவள் எண்டு கேளுங்கோவன்.

— கேக்கவே பயமா இருக்கு. அவளுக்கு நான் தமிழ் சொல்லிக் குடுத்தவன். ழகரம் வரலேன்னு படுத்தி எடுத்திருக்கேன்.

— போன ஞாயிறு வந்தவள். பூசை முடிஞ்சு வந்து, சமையலறையிலை நிண்டபடி சொன்னனான். அடுப்பை அணைச்சுப்போட்டு எனக்குக் கிட்ட வந்தவள். பிறகு, "அம்மா, டொக்டர் அங்கிள் ஓக்கே. ஆனா வீட்டிலை மீன் பொரிக்க விடுவாரோ? அதை முதல்லை கேளுங்கோ" எண்டாள்.

— மாட்டுக் கொழுப்புல பொரிச்ச சிப்ஸ ருசிச்சுச் சாப்பிட்டவனுக்கு மீன் வாசனையத் தடுக்க என்ன யோக்கியதை இருக்கு?

— அதைத்தான் நானும் அவளுக்குச் சொன்னனான். விழுந்து விழுந்து சிரிச்சவள். சிரிச்சுப்போட்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவள்.

— அவ சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன... அடடா, பலகைல பிளாட்ஃபாரம் போட்டுட்டான். நாலு.

— எழும்புங்கோ, நடப்பம்.

— வேண்டாம். இப்ப சொல்லாதீங்க. ரயிலுக்கு ஓடிண்டே கேக்கற பதிலா இது? நான் திரும்பி வந்து கேக்கறேன். நீங்க நன்னா யோசிச்சு, ஆறுதலா சொல்லுங்க. இப்ப சரியா சொன்னேனா?

— சரியாச் சொன்னியள்.

— எமில்டா அட்ரஸ் குடுங்க. பெட்டியயும் குடுங்க. சந்தோஷமா தூக்கிண்டு போறேன்.

— பெட்டியை விடுங்கோ, நான் உருட்டுறன்.

— டிக்கெட் இல்லாம கேட்டுக்குள்ள விடமாட்டான் கிளாரிட்டா.

— டிக்கெட் கிடக்கு. ஜெஸ்ரின் எடுத்துத் தந்தவள். நீங்கள் ஏறுற பெட்டிதானோ தெரியாது, ஆனா உந்த ரயில்தான்.

— அப்ப அந்தப் பெட்டில...?

— என்ர உடுப்பு. சுவரிலை நடக்கச் சப்பாத்து. அரைவாசிக்குப் பழக் கேக், எமில்டாவுக்கு. அவ வீட்டிலைதான் தங்கப்போறன், உங்கட தனி அறை எனக்குத் தேவையில்லை.

— எமில்டா வீட்டுக்குப் பெட்டி போகணும்னீங்க.

— ஓம். பெட்டிக்காரியும்தான் போறன். நீங்கள் கேட்ட கேள்வி பெட்டியைப் பற்றித்தானே.

— கிளாரிட்டா, கொஞ்சம் நில்லுங்க. என் டிக்கெட்ட எங்க வச்சேன்...

— ஆறுதலா நடவுங்கோ. ரயில் எங்களை விட்டிட்டுப் போகாது. நாளைக்குக் காலமை, உங்கட கூட்டம் தொடங்க முதல், யூஜினிட்டைப் போகவேணும். தனியப் போக எனக்கு இன்னும் ஏலாது. வருவியளோ?

— நான் அங்க வரலாமா?

— நீங்கள் வரத்தான் வேணும். அவருக்கும் முகத்தைப் பாத்துச் சொல்லவேணும்தானே.

— என்னன்னு சொல்லப் போறீங்க? இல்ல, ஓம்னு மட்டும் சொல்லாதீங்க. உங்க ஓம் சரிங்கற ஓமா, கேட்டுண்டிருக்கேங்கற ஓமான்னு இத்தன வருஷத்துல எனக்குப் பிடிபடவே இல்ல. இன்னொரு வாட்டி தப்பாப் புரிஞ்சுண்டா இந்தக் கிழவன் தாங்கமாட்டான்.

— தெரியும். அதாலை உங்கட தமிழிலையே சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. ஆமா.